சுவரில் தொங்கும் பட்டங்களும் வாரத்தில் 12 மணி நேரமும்: செந்தூலில் ஒரு டயாலிசிஸ் மையம்

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால், இயந்திரங்களுக்கு முன்னால் கண்ணில் படுபவை சட்டமிட்ட படங்கள்தாம். அமைச்சர் ஒருவரிடம் மகஜர் கொடுக்கும் படம், மருத்துவச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் கழுத்தில் பதவிப் பதக்கத்தோடு நிற்கும் படம், வெளிநாட்டு மாநாடு ஒன்றின் மேடையில் பேசும் படம் என்று ஒரு சுவர் முழுவதும் தலைமை மருத்துவரே நிறைந்திருப்பார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நாங்கள் முதன்முதலாக அங்கே போன அன்று, முகப்பில் கொடுத்த பாரங்களை நான் நிரப்பிக்கொண்டிருக்க, என் மனைவி அந்தப் படங்களை வரிசையாகப் பார்த்துவிட்டு வந்து, "என்னங்க, இவ்வளவு பெரிய டாக்டரு நம்மள எங்க பாக்கப்போறாரு?" என்று காதருகே கேட்டார்.

அந்தக் கேள்விக்கு இப்போது என்னால் ஓரளவு விடை சொல்ல முடியும். குறைகளையும் சொல்லப்போவதால் மையத்தின் பெயரையும் மருத்துவரின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். கோலாலம்பூரில், செந்தூலுக்கும் ஜாலான் ஈப்போவுக்கும் இடையில் உள்ள ஒரு கடைவீட்டு வரிசையின் கீழ்த்தளத்தில் இருக்கிறது என்பதற்கு மேல் அடையாளம் வேண்டியதில்லை.

என் மனைவிக்கு வயது 66. நீரிழிவோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்பவர். நம் நாட்டில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரை அந்த நிலைக்குக் கொண்டுவந்து விடுவது நீரிழிவுதான் என்பதை நாங்கள் அந்த வரிசையில் சேர்ந்த பிறகே தெரிந்துகொண்டோம். அரசு மருத்துவமனையில் இடது கையில் ஃபிஸ்டுலா, அதாவது ஊசி ஏற்றுவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைக்கும் அறுவை இணைப்பு, போட்டு, அது முதிர்வதற்காக எட்டு வாரம் காத்திருந்தோம். வயிற்றுக்குள் திரவம் செலுத்தி வீட்டிலேயே செய்யும் முறையையும் அங்கே விளக்கினார்கள். நாளைக்கு நான்கு முறை, முறைக்கு இரண்டு லிட்டர், மாதம் பிறந்தால் வந்து இறங்கும் பெட்டிகள் என்று கேட்டதும், எங்கள் அடுக்குமாடி வீட்டின் அளவை நினைத்து மனைவி தலையாட்டி மறுத்துவிட்டார். நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் என்பதால் பொதுச் சேவைத் துறையின் உதவி எங்களுக்கு உண்டு. தனியார் துறையில் சந்தா கட்டியவர்களுக்குச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ இருக்கிறது. இரண்டிலும் தாள்கள் அதிகம், பொறுமை வேண்டும். அந்தப் பொறுமையைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

முதலில் அந்தப் படங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நானும் அவற்றைப் பார்த்து மயங்கியவன்தான். அவற்றை எப்படி வாசிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளச் சில மாதங்கள் ஆயின. மருத்துவப் பட்டம், ஹவுஸ்மேன் பயிற்சி, அரசு மருத்துவமனைகளில் பணி, உள்மருத்துவத்தில் மேற்படிப்பு, அதன்மேல் சிறுநீரகவியலில் மூன்று ஆண்டுப் பயிற்சி என்று ஒருவர் சிறுநீரக நிபுணர் ஆவதற்குள் இளமை கழிந்துவிடுகிறது. எங்கள் மருத்துவர் அந்தப் பயிற்சியின் பெரும்பகுதியைக் கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் முடித்தவர். நாட்டின் முதல் சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை, உறவினர் ஒருவர் கொடுத்த சிறுநீரகத்தைக் கொண்டு, டாக்டர் ஹுசேன் அவாங் கையால் 1975 டிசம்பரில் அந்த மருத்துவமனையில்தான் நடந்தது. மாற்றுச் சிறுநீரகம் வைக்க முடியுமா என்று என் மனைவி கேட்டபோது மருத்துவர் இந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னார். பிறகு, மனைவியின் இதய நிலையில் அதற்கு வாய்ப்பில்லை என்பதையும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். அந்த நேர்மை எங்களுக்குப் பிடித்திருந்தது.

சங்கப் பதவி வேறு வகை. மலேசிய மருத்துவச் சங்கம் 1959இல் தோன்றியது. அதன் தலைமையகம் அதே பொது மருத்துவமனைக்குப் பக்கத்தில், ஜாலான் பகாங்கில் இருக்கிறது. மருத்துவர்கள் விரும்பிச் சேரும் அமைப்பு அது. மருத்துவர்களைப் பதிவு செய்வதும், தவறு செய்தால் விசாரிப்பதும் மலேசிய மருத்துவ மன்றத்தின் வேலை. நம்மில் பலர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, சங்கத்தில் பதவி வகிப்பவர் என்றால் அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்த நிபுணர் என்று நம்பிவிடுகிறோம். சக மருத்துவர்கள் அவரை நம்பி வாக்களித்திருக்கிறார்கள், தங்களுக்காகப் பேசத் தெரிந்தவர் என்று கருதுகிறார்கள் என்பதைத்தான் அந்தப் பதவி காட்டுகிறது. அதுவும் சிறிய செய்தியன்று. ஆனால் உங்களுக்குச் சிகிச்சை தருபவர் உண்மையில் அந்தத் துறையின் நிபுணரா என்று அறிய வேண்டுமென்றால் தேசிய நிபுணத்துவ மருத்துவர் பதிவேட்டில் அவர் பெயரைத் தேடுங்கள். 2017 ஜூலை முதல் நிபுணராகத் தொழில் செய்ய அந்தப் பதிவு கட்டாயம். எங்கள் மருத்துவரின் பெயர் அதில் இருக்கிறது. சுவரில் இருக்கும் அத்தனை படங்களையும்விட அந்த ஒரு வரிதான் எனக்குத் தெம்பு தந்தது.

இனி மையத்துக்கு வருகிறேன். முதல் நாள் மருத்துவர் எங்களை நாற்காலிகள் இருக்கும் கூடத்திற்கு அழைத்துப் போகவில்லை. பின்புறத்தில், சலவை இயந்திரம் ஓடுவதுபோல் இரைச்சல் கேட்கும் ஓர் அறையைத் திறந்துவிட்டு, "சார், மொதல்ல தண்ணியப் பாருங்க, என்னை அப்புறம் பாக்கலாம்" என்றார். ஆளுயரக் கரித் தொட்டிகள் இரண்டு, அவற்றை அடுத்து நீரை அழுத்தித் தள்ளி வடிக்கும் சவ்வுக் குழாய்கள், சுவரில் ஒரு பேனா கட்டித் தொங்கவிட்ட பதிவேடு. டயாலிசிஸ் இயந்திரம் நிமிடத்திற்கு அரை லிட்டர் அளவில் திரவத்தை ஓட்டுகிறது. நான்கு மணி நேரத்திற்கு 120 லிட்டர். வாரம் மூன்று முறை என்றால் 360 லிட்டர். அவ்வளவு நீரும் மெல்லிய சவ்வு ஒன்றுக்கு அப்பால் நோயாளியின் இரத்தத்தைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. குழாய்நீரைக் குடிக்கும்போது நம்மைக் காப்பாற்றும் குளோரின், இந்தச் சவ்வைக் கடந்தால் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு முறை தொடங்குவதற்கு முன்பும் கரித் தொட்டியைத் தாண்டி வரும் நீரில் குளோரின் இருக்கிறதா என்று சோதித்துக் கையெழுத்திட வேண்டும். இந்த இரண்டு ஆண்டுகளில் அந்தப் பதிவேட்டை நான் பலமுறை எட்டிப் பார்த்திருக்கிறேன்; ஆசிரியராக இருந்தவனுக்கு வருகைப் பதிவேட்டைப் புரட்டும் பழக்கம் போகாது. ஒரு கட்டம்கூட வெறுமையாக இருந்ததில்லை. மாதக் கடைசியில் மொத்தமாக உட்கார்ந்து நிரப்பியதுபோல் ஒரே மையில் இருந்ததும் இல்லை.

நீர்த்தடைக்குப் பழகிப்போன சிலாங்கூர், கோலாலம்பூர்வாசிகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2020 செப்டம்பரில் சுங்கை கோங் மாசுபட்டு, நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டு, பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குத் தண்ணீர் நின்றது நினைவிருக்கும். அப்போது இங்கே வந்துகொண்டிருந்த மூத்த நோயாளி ஒருவர், தம் வீட்டில் குளிக்கத் தண்ணீர் இல்லாத நாளிலும் இந்த மையம் ஒரு முறையைக்கூட ரத்து செய்யவில்லை, நான்கு மணி நேரத்தை மூன்றாகக் குறைத்து எல்லாரையும் பார்த்து அனுப்பியது என்று இன்றைக்கும் சொல்வார். மாடியில் பெரிய தொட்டி, லாரி நீருக்கு முன்கூட்டியே செய்த ஏற்பாடு இரண்டும் மருத்துவர் மையத்தைத் தொடங்கும்போதே வற்புறுத்திச் செய்தவை என்று மூத்த தாதி கூறினார். ஹெப்படைட்டிஸ் பி உள்ளவர்களுக்குத் தனி அறையும் தனி இயந்திரமும் இருப்பதும் அப்படித்தான். அவருடைய அனுபவம் எங்கே வேலை செய்கிறது என்று கேட்டால் இவற்றையே காட்டுவேன். அவர் ஊரில் இல்லாதபோதும் இவை ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஆனால் ஊசியைக் குத்துபவர் அவரல்லர். இந்த நோயில் மாதத்திற்கு ஒரு முறை, பத்து நிமிடம் மருத்துவரைப் பார்க்கிறோம். வாரத்திற்கு 12 மணி நேரம் தாதியின் பார்வையில் இருக்கிறோம். இடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தக் கணக்கை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

கைராசி என்று நம்மவர்கள் மருத்துவர்களைப் பற்றிச் சொல்வதுண்டு. இங்கே அந்தச் சொல்லுக்கு உரியவர் மூத்த தாதிதான். எல்லாரும் அவரை 'மிசி' என்றே கூப்பிடுகிறோம். காலை ஆறே முக்கால் மணிக்கு என் மனைவியின் இடது முன்கையைத் தம் மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடாத குறையாக இரண்டு விரல்களால் தடவிப் பார்ப்பார். ஃபிஸ்டுலா உயிரோடு இருந்தால் தோலுக்கடியில் பூனை உறுமுவதுபோல் ஓர் அதிர்வு இருக்கும். அது சரியாக இருக்கிறது என்றால், "ஆன்ட்டி, இன்னிக்கு நல்லா ஓடுது" என்று சொல்லிவிட்டுத்தான் பஞ்சை எடுப்பார். பாலில் ஆடை எடுக்கப் பயன்படும் ஈர்க்கின் பருமனில் இரண்டு ஊசிகள். போன முறை குத்திய இடத்திலேயே குத்தாமல் சற்றுத் தள்ளி ஏற்றுவார். அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கக்கூடாது, இரத்தம் எடுக்கக்கூடாது, சௌகிட் சந்தைப் பையைத் தூக்கக்கூடாது. திருமணமான நாளிலிருந்து இரண்டு கையிலும் போட்டிருந்த வளையல்களை என் மனைவி வலது கைக்கு மாற்றிக்கொண்டதும் இந்த மிசி சொல்லித்தான். இன்று வலது கை நகர்ந்தால் வீடே அறியும்.

எல்லாத் தாதியரும் அவரைப்போல் இல்லை. ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். பயிற்சி முடித்துச் சிறிது காலத்தில் வேறு இடத்திற்கோ வெளிநாட்டிற்கோ போய்விடுகிறார்கள். ஒருவர் நான்கைந்து நோயாளிகளைப் பார்க்கும் கூடத்தில் புதிதாக வந்தவரின் தடுமாற்றம் நோயாளியின் உடம்பில்தான் தெரியும். எங்களுக்குத் தெரிந்தது ஒரு தீபாவளிக்கு மறு வாரம்.

என் மனைவிக்கு மருத்துவர் குறித்து வைத்திருந்த வறண்ட எடை, அதாவது உடம்பில் மிகை நீர் எதுவும் இல்லாத நிலையின் எடை, 58 கிலோ. பண்டிகைக்கு வந்து போனவர்களோடு உட்கார்ந்து அவர் உண்டதையும் குடித்ததையும் நான் தடுக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அன்று தராசு 61.9 காட்டியது. ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோ எடைக்கு 13 மில்லிலிட்டருக்கு மேல் நீரை இழுப்பது இதயத்திற்கு நல்லதன்று என்பது இந்தத் துறையில் பரவலாகக் கையாளும் அளவுகோல். அதன்படி நான்கு மணி நேரத்தில் அவருக்கு மூன்று லிட்டரைத் தாண்டக்கூடாது. புதிய தாதி 3.9 என்று இயந்திரத்தில் எண்ணை அழுத்திவிட்டுப் பக்கத்து நாற்காலிக்குப் போய்விட்டார். மூன்றாம் மணி நேரத்தில் மனைவியின் கெண்டைக்கால் கல்லாக இறுகியது. கத்தக்கூட முடியாமல் அவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தபோது உதடு வெளுத்திருந்தது. இரத்த அழுத்தம் 84க்கு இறங்கியிருந்தது. மிசி ஓடி வந்து, நாற்காலியைச் சாய்த்துக் காலைத் தலைக்கு மேல் உயர்த்தி, நீர் இழுப்பதை நிறுத்தி, உப்புநீரை ஏற்றினார். ஐந்து நிமிடத்தில் நிறம் திரும்பியது. எனக்குத்தான் அன்று மாலை வரை கை நடுக்கம் நிற்கவில்லை.

புதிய தாதியின் மேல் எனக்குக் கோபம் இல்லை, அல்லது சில நாளில் தணிந்துவிட்டது. பிறகு கோப்பைப் பார்த்தபோது தெரிந்த செய்திதான் உறுத்தியது. பசி திரும்பி, முகத்தில் சதை பிடித்து, மனைவி உண்மையாகவே சற்றுப் பெருத்திருந்தார். அதற்கு முன்பே வாரக்கணக்கில் சிறு சிறு பிடிப்புகள் வந்துகொண்டிருந்தன. வறண்ட எடையை உயர்த்த வேண்டும் என்பதற்கு இதைவிட அறிகுறி வேண்டாம். ஆனால் மூன்று மாதங்களாக அந்த 58 யாராலும் தொடப்படவில்லை. இரண்டு மாதச் சுற்றுகளைத் தலைமை மருத்துவர் தவறவிட்டிருந்தார். மாற்று மருத்துவர் வந்து பார்த்துக் கையெழுத்திட்டாரே தவிர, பெரியவர் எழுதி வைத்த எண்ணில் கை வைக்கத் தயங்கியிருக்கிறார். பெரியவர் எங்கே என்று கேட்டால், சங்க வேலை.

அடுத்த வாரம் அவரைச் சந்தித்து இதை ஒன்றுவிடாமல் சொன்னேன். சப்பைக்கட்டுக் கட்டுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மனைவியின் கணுக்காலைக் கட்டை விரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்த்தார். கழுத்து நரம்பைப் பார்த்தார். முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். கோப்பில் 59.5 என்று எழுதிவிட்டு, "இது நான் ரெண்டு மாசத்துக்கு முன்னயே எழுதியிருக்கணும், சார். தப்பு என்னோடது" என்றார். அன்றிலிருந்து மாற்று மருத்துவர் எடையைத் தாமே திருத்தலாம், எடை மூன்று கிலோவுக்கு மேல் கூடி வருபவருக்கு மூத்த தாதி பார்க்காமல் எண்ணை அழுத்தக்கூடாது என்று இரண்டு ஏற்பாடுகள் வந்தன. இரண்டும் இன்றுவரை நடைமுறையில் இருக்கின்றன. அதனால்தான் நாங்கள் வேறு மையம் தேடவில்லை.

சங்க வேலை வீண் வேலை என்று நான் சொல்ல வரவில்லை. பொது மருத்துவர்களின் ஆலோசனைக் கட்டணம் 10 முதல் 35 வெள்ளி என்று 2006 விதிகள் கட்டிப்போட்டு, அதை நெடுங்காலம் தொடாமலே விட்டதில் அவர்களுக்கு இருந்த மனக்குறை நியாயமானது. ஒப்பந்த மருத்துவர்களின் நிலைமைக்காகவும் யாராவது பேசத்தான் வேண்டும். மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்ற உத்தரவு 2025 மே மாதம் நடப்புக்கு வந்தபோது மருத்துவர்கள் புத்ராஜெயாவில் திரண்டார்கள். எங்கள் மருத்துவரும் போயிருந்தார். அந்த ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. சாப்பாட்டோடு விழுங்க வேண்டிய கால்சியம் மாத்திரைக்கு எவ்வளவு என்று முகப்பில் கேட்கக் கூச்சப்பட்டு, கேட்காமலே வாங்கிப் போகும் மூதாட்டிகளை நான் வாரம் மூன்று நாள் பார்க்கிறேன். இன்று அந்த விலைப்பட்டியல் முகப்பு மேசையில் இருக்கிறது, கோப்புறைக்குள், கேட்டால் எடுத்துக் காட்டுகிற நிலையில்.

சங்கத்தையும் நோயாளிகளையும் சேர்த்துச் சுமந்தவர்கள் இந்த நாட்டில் இருந்திருக்கிறார்கள். டாக்டர் எம். கே. ராஜகுமார் 1979இல் மலேசிய மருத்துவச் சங்கத்திற்கும், 1986இலிருந்து மூன்று ஆண்டுகள் உலகக் குடும்ப மருத்துவர் அமைப்புக்கும் தலைவராக இருந்தவர். பதவிகளைத் தாண்டிக் குடும்ப மருத்துவராகவே அறியப்பட்டவர். ஆனால் காய்ச்சல்காரர் மருத்துவருக்காக ஒரு நாள் காத்திருப்பார். டயாலிசிஸ் நோயாளிக்கு நாள் தள்ளிப்போட வழியில்லை. இரண்டு முறை தவறினால் பொட்டாசியம் ஏறி இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். சிறுநீரக நிபுணர் ஒருவர் மேடைக்குப் போவதற்கு முன்பு, தம் நாற்காலியில் முழு அதிகாரத்தோடு இன்னொருவரை உட்கார வைத்துவிட்டுப் போக வேண்டும். இங்கே அது நடந்தது, எங்கள் வீட்டுக்காரம்மாவின் கெண்டைக்கால் இறுகிய பிறகு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குளிர்சாதனம் எலும்பைத் துளைக்கும். போர்வையும் காலுறையும் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். தொலைக்காட்சி ஒன்றே ஒன்று, அதில் யார் விருப்பம் ஓடும் என்பது தனி அரசியல். முதல் மணி நேரத்தில் சாப்பிட அனுமதி உண்டு. அப்போது கூடத்தில் ரொட்டி சானாய் மணம் வரும். உணவியல் ஆலோசகர் மாதம் ஒரு முறைதான் வருகிறார், ஆனால் நம் சமையலறை தெரிந்தவர். காய்களை நறுக்கி நீரில் ஊறவைத்து, வேகவைத்த தண்ணீரை வடித்துவிட்டுத் தாளிக்கச் சொல்லிக்கொடுத்தார். இளநீர், வாழைப்பழம், டுரியான் ஆகியவற்றைக் குறைக்கச் சொல்பவர், நட்சத்திரப் பழத்தை மட்டும் வாயில் வைக்கவே கூடாது என்று விரலை ஆட்டி எச்சரித்தார். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு அந்தப் பழத்திலுள்ள நஞ்சு மூளையைத் தாக்கும். புளிப்புக்காக அதைக் குழம்பில் போடுகிற வீடுகள் நம்மிடையே உண்டு. அவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கட்டணம் இந்த வட்டாரத்தின் மற்ற தனியார் மையங்களைப்போலத்தான். இரத்தச் சோகைக்குப் போடும் ஊசிக்குத் தனி ரசீது. ரசீதுகள் தெளிவாக இருக்கின்றன, உதவித்தொகைக்கான தாள்களை எழுத்தர் தாமே நிரப்பித் தருகிறார். வாகனம் நிறுத்த இடம் கிடைப்பது காலை முறைக்கு எளிது, பதினொன்றரை மணி முறைக்கு வருபவர்கள் சுற்றிச் சுற்றி வருவார்கள். வாசலில் இரண்டு படிகள் ஏற வேண்டியிருக்கிறது. சக்கர நாற்காலிக்குப் பலகை ஒன்று வைத்திருக்கிறார்கள், அதை எடுத்துப் போட ஆள் தேட வேண்டும். கால் இழந்த நீரிழிவு நோயாளிகள் வந்து போகும் இடத்தில் இதை இன்னும் சரிசெய்யாமல் இருப்பதற்கு எந்தச் சமாதானமும் இல்லை.

சேர விரும்புவோருக்கு: திங்கள், புதன், வெள்ளி காலை முறைக்குக் காத்திருப்போர் பட்டியல் இருக்கிறது, எங்களுக்கு ஏழு வாரம் ஆனது. பெயரைக் கொடுப்பதானால் நேரே மிசியிடம் கொடுங்கள். முகப்பில் கொடுத்த எங்கள் தாள் இரண்டு முறை காணாமல் போனது.